‘ஆமா’ போட ஒரு ஆள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். தெருவுக்குத் தெரு இன்ஜினீயர், டீச்சர், நர்ஸ், பேங்க் உத்தியோகஸ்தர். இவ்வளவு படித்த ஊரில், ஒரு கூட்டத்தில் “நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினால் பலரும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுகிறார்கள். வேலை தெரியும், கணக்கு தெரியும், எடுத்துச் சொல்லத்தான் வராது. அந்த ஒரு குறையால் பதவி உயர்வு தள்ளிப்போகிறது. மகளிர் குழுவின் கடன் மனு மேலாளர் மேஜையிலேயே கிடக்கிறது. நம்முடைய யோசனையை வேறொருவர் தெளிவாகச் சொல்லிப் பேர் வாங்கிப் போகிறார்.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. காரணம், பேச்சுக்கு இந்த மண்ணில் பயிற்சிக் களம் குறைவே இல்லை. 1907இல் பூதப்பாண்டியில் பிறந்தவர் மேடைப் பேச்சாளர் ஜீவா. அடுத்த வருடம் ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அகஸ்தீசுவரம் தந்தவர் குமரி அனந்தன். சுவாமித்தோப்பில் பதினேழு நாள் ஏடு வாசிப்பு நடக்கிறது. தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழை விடிய விடியப் பாடுகிறார்கள். சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆறு வயதுப் பிள்ளை சபை முழுவதையும் பார்த்து வசனம் ஒப்புவிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு.

பேச்சுத்திறமை பற்றி விமான நிலையப் புத்தகக் கடைகளில் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. அவற்றை வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வில்லு மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்காருங்கள் என்பேன். நல்ல பேச்சுக்குத் தொண்டை வளம் அவ்வளவு முக்கியமில்லை, எதிரே இருப்பவரிடமிருந்து ‘ஆமா’ வாங்கத் தெரிவதுதான் முக்கியம் என்பதை அந்த மேடைபோல வேறெதுவும் கற்றுத்தருவதில்லை.

வில்லு மேடையின் வரிசை

நடுவில் வில். அதன் நாணில் வீசுகோலால் அடித்தபடி புலவர் பாடுவார். அண்ணாவி என்றும் சொல்வதுண்டு. சுற்றிலும் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. வலப்பக்கம் ஒரு அணி, இடப்பக்கம் ஒரு அணி. புலவர் பாடிய அடியைப் பக்கப்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவர் வசனத்துக்கு இறங்கியதும் ஒருவர் ‘ஆமா’ போடுவார். “அப்புறம் என்ன ஆச்சு?” என்பார். “அதெப்படி, ஒத்தைப் பொம்பளை ராத்திரி காட்டு வழியே போனா?” என்று மடக்குவார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மனதில் எழுகிற கேள்வி அது. பாட்டி வாய் திறக்கும் முன்னே மேடையிலேயே ஒருவர் கேட்டுவிடுகிறார், புலவர் பதில் சொல்லிவிடுகிறார். அதனால்தான் இரவு இரண்டு மணிக்கும் கூட்டம் கலையாமல் இருக்கிறது.

உங்கள் பேச்சைத் தயாரிக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த ‘ஆமா’ போடும் ஆளை. எழுதி முடித்த குறிப்பை எடுத்துக்கொண்டு, அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கலாம், பக்கத்து சீட்டுக்காரராக இருக்கலாம். அவர் “ஆமா” சொல்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். “அப்படின்னா?” என்று கேட்கும் இடத்தில் ஒரு வட்டம். ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பார்த்தாலே பாதித் திருத்தம் முடிந்துவிடும். கண்ணாடி முன் நின்று பழகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காது.

இனி வரிசைக்கு வருவோம். வில்லுப்பாட்டு காப்பில் தொடங்கும். அடுத்து வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், பிறகே கதை, கடைசியில் வாழி. இதில் மூன்றை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஒன்று வருபொருள். இன்று எந்தக் கதை என்று புலவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நம் அலுவலகப் பேச்சாளர்களோ இருபது ஸ்லைடு ஓடும் வரை என்ன கேட்க வந்தோம் என்பதை மூடிவைக்கிறார்கள். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பயம். இசக்கியம்மன் கதையின் முடிவு தெரியாதவர் கொடைக்கு வந்த கூட்டத்தில் யார்? தெரிந்தும் விடியும் வரை உட்கார்ந்து கேட்கிறார்கள். “இந்த வருஷம் நம்ம கிளைக்கு இன்னொரு வண்டி வேணும். ஏன் வேணும்னு பத்து நிமிஷத்துல சொல்றேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மேலதிகாரி அந்தக் கேள்வியோடு கேட்கத் தொடங்குவார். என்ன சொல்ல வருகிறார் என்று யோசித்துக் களைத்துப்போக மாட்டார்.

இரண்டாவது அவையடக்கம். இதைத்தான் நாம் அதிகம் கெடுத்து வைத்திருக்கிறோம். “எனக்கு அவ்வளவா பேச வராது, தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க” என்று தொடங்குவது அடக்கம் ஆகாது. தப்பைத் தேடுங்கள் என்று அவைக்கு நாமே வேலை கொடுக்கிறோம். அவையில் இருப்பவரின் அறிவுக்கு மரியாதை செய்வதுதான் அவையடக்கம். “முப்பது வருஷமா ரப்பர் வெட்டுறவங்க இங்க இருக்கீங்க. கணக்கு எங்கிட்ட இருக்கு, அனுபவம் உங்ககிட்ட இருக்கு” என்று ஒரு வரி சொன்னால் போதும், முன்வரிசைப் பெரியவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது நாட்டுவளம். கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரின் வயலையும் தோப்பையும் ஆற்றையும் பாடி, கேட்பவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். புள்ளிவிவரத்தைக் கொட்டும் முன் நீங்களும் இடத்தைக் காட்டுங்கள். “விற்பனை குறைந்துள்ளது” என்பதைவிட “வடசேரி கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே பில் போட ஆள் இல்ல” என்பதில் ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பிரச்சினையும் இருக்கிறது.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. கொடையில் பூஜைக்கும் சாமியாட்டத்துக்கும் ஏற்பக் கதை போக வேண்டும். பூஜை தாமதமானால் புலவர் கதையை நீட்டுவார். சாமி வரும் வேளை நெருங்கினால் கிளைக்கதையை விட்டுவிட்டு உச்சத்துக்குப் போவார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டை நேரில் ஆராய்ந்து 1988இல் ஒரு நூலே வெளியிட்டார். சடங்கும் கதையும் இப்படி ஒன்றை ஒன்று இழுத்துச் செல்வதை அதில் விரிவாகக் காட்டுகிறார். உங்களுக்கு இருபது நிமிடம் தருவதாகச் சொல்லியிருப்பார்கள். முந்தைய பேச்சாளர் நேரத்தைத் தின்றிருப்பார். “ஏழு நிமிஷத்துல முடிச்சிடுங்க சார்” என்று சீட்டு வரும். உடனே பலரும் இருபது நிமிடப் பேச்சை ஏழு நிமிடத்துக்குள் அடைக்க ஓட்டம் பிடிக்கிறார்கள். அப்படி ஓடாதீர்கள். வீட்டிலேயே ஏழு நிமிட வடிவம் ஒன்றையும், லிஃப்டில் போகும்போதே சொல்லக்கூடிய ஒரு நிமிட வடிவம் ஒன்றையும் தனியாகத் தயாரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளைக்கதையை விடுவது என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

ரப்பர் விளையில் ஒரு கூட்டம்

ஒரு உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். குலசேகரம் பக்கம் சிறு விவசாயிகள் நாற்பது பேர். மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்காமல் இருக்க மரத்துக்கு மழைமறைப்பு போடுவது பற்றி ஒரு இளம் கள அலுவலர் பேச வேண்டும். வெட்டுப்பட்டைக்கு மேலே பசை தடவி ஒட்டுகிற பாலித்தீன் மறைப்பு அது. அவருடைய முதல் ஸ்லைடு: ‘இயற்கை ரப்பர் உற்பத்தியில் நவீனத் தொழில்நுட்பங்கள்: ஓர் அறிமுகம்.’ இரண்டாவது ஸ்லைடில் உலக உற்பத்தி. மூன்றாவதில் இந்திய உற்பத்தி. நாலாவது வரும்போது பின்வரிசையில் இருவர் டீ குடிக்க எழுந்து போகிறார்கள்.

அதே அலுவலர், அதே விஷயம். ஸ்லைடை மூடிவிட்டு, கையில் சாக்பீஸோடு இப்படித் தொடங்கட்டும்:

“அண்ணாச்சி, போன ஆனி ஆடியில உங்க விளையில எத்தனை நாளு வெட்டு நின்னுது?”

பதில் வரும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். “எங்க பக்கம் அதுக்கு மேலேயே போச்சு.” அலுவலர் அந்த எண்ணைப் போர்டில் எழுதுகிறார். “வெட்டு இருக்க நாள்ல உங்களுக்கு எத்தனை ஷீட்டு கிடைக்கும்?” அதையும் எழுதுகிறார். “இப்ப ஒரு ஷீட்டு என்ன வெலைக்கு எடுக்கான்?” மூன்று எண்ணையும் பெருக்குகிறார். வந்த தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார்.

அந்தத் தொகையை அவர் சொல்லவில்லை. விவசாயிகள் சொன்ன எண்ணிலிருந்தே வந்தது. அதனால் யாரும் அதை மறுக்கப்போவதில்லை. இனி மறைப்பு ஒட்ட மரத்துக்கு என்ன செலவு என்பதை அதன் பக்கத்தில் எழுதினால் பேச்சில் பெரும்பகுதி முடிந்தது. மறைப்பைக் கையில் எடுத்துக் காட்டி, ஏற்கெனவே போட்டுப்பார்த்த ஒருவரை எழுந்து நாலு வார்த்தை சொல்லச் சொல்ல வேண்டும். அவர் குறையும் சொல்லட்டும். பசை சரியாகப் பிடிக்காவிட்டால் தண்ணீர் ஒழுகும் என்று சொல்லட்டும். கூட்டத்தின் சந்தேகத்தைக் கூட்டத்தில் ஒருவரே சொல்லி, அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டால், அதைவிட நல்ல பக்கப்பாட்டு வேறில்லை.

கடைசியில்: “வார சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு இதே ஊர்ல பத்து மரத்துல ஒட்டிக் காட்டுதோம். யாரெல்லாம் வாறீங்க? கை தூக்குங்க.” தூக்கிய கைகளின் பெயரை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதில் மேடைக்கம்பீரம் ஒன்றும் இல்லை. குரலை ஏற்றி இறக்கும் வித்தை இல்லை. கேள்வி, பதில், கணக்கு, சாட்சி, நாள்குறிப்பு, அவ்வளவுதான். பேங்கில் கடன் கேட்கும் மகளிர் குழுத் தலைவிக்கும் இது பொருந்தும், பெற்றோர் கூட்டத்தில் பேசும் ஆசிரியைக்கும் பொருந்தும். கேட்பவரின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

குறைத்துச் சொல், தெரிந்ததிலிருந்து சொல்

ஜீவா 1963 ஜனவரியில் மறைந்தபோது நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி ‘காற்றில் கலந்த பேரோசை’ என்றொரு கட்டுரை எழுதினார். பேச்சுக்கலையைப் பற்றித் தமிழில் வந்த நல்ல எழுத்துகளில் ஒன்றாக அதைச் சொல்வேன். அது அஞ்சலிக் கட்டுரையும்கூட. ஜீவா கொஞ்ச விஷயத்தையே எடுத்துக்கொள்வார், அதை முழுமையாகவும் அழகாகவும் தெளிவாகவும் விரித்துச் சொல்வார் என்பது அதில் அவர் கவனித்துச் சொல்லும் ஒரு நுட்பம். ஆயிரக்கணக்கானோரைத் திறந்தவெளியில் மணிக்கணக்கில் கட்டிவைத்த பேச்சாளரே குறைவான விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நாம் பதினைந்து நிமிடத்தில் பதினெட்டு பாயின்ட் சொல்லப் பார்க்கிறோம்.

ஒரு பேச்சுக்கு மூன்று கருத்து போதும். நாலாவது கருத்து எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதைக் கைக்காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். எதை விடுவது என்று தெரியவில்லையா? கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம் மனைவி “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் அவர் சொல்லப்போகும் ஒற்றை வாக்கியம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு உதவாத எல்லாவற்றையும் விடலாம்.

கலைவாணரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவருடைய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் நந்தனார் கதையின் அச்சில் வார்த்தது. நந்தனுக்குத் தில்லைக்குப் போகத் தவிப்பு. கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்கத் தவிப்பு. 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம்பெற்றது. தீண்டாமையைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் நேரடியாகப் பிரசங்கம் செய்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். எல்லோருக்கும் பழகிய கதையின் தடத்திலேயே கூட்டிப்போய், சேரும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டார். கேட்பவர் சிரித்துக்கொண்டே புது இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

புதிய மென்பொருள், புதிய விதிமுறை, புதிய வேலைநேரம் என்று எதை அறிமுகப்படுத்தினாலும் இந்த வழி உதவும். ஊழியர்கள் நேற்று வரை எப்படிச் செய்தார்களோ அதை முதலில் அவர்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். “காலைல வந்ததும் ரெஜிஸ்டர்ல எழுதுறோம், மத்தியானம் அதையே கம்ப்யூட்டர்ல அடிக்கிறோம், சாயங்காலம் ரெண்டையும் ஒத்துப் பாக்கிறோம்.” எல்லோரும் தலையாட்டுவார்கள். “இனி நடுவில் உள்ளதை மட்டும் செய்யப்போறோம்.” அவ்வளவுதான், அறிமுகம் முடிந்தது.

நம் பேச்சுவழக்கைப் பற்றிச் சிலருக்கு வெட்கம் உண்டு. “நாகர்கோவில் ஸ்லாங் வந்துடுமோ?” என்று சென்னை இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைபார்ப்பவர்களுக்கு ஆங்கிலமும் சேர்ந்து பயமுறுத்துகிறது. தோப்பில் முகமது மீரான் தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சிலேயே எழுதி 1997இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். குமரி அனந்தன் 1977இல் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போய், அங்கே தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடினார். பேச்சில் ஊர் ராகம் இருப்பதில் குற்றமில்லை, வேகம்தான் குற்றம். நம் ஆட்கள் பதற்றத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். தமிழில் வினை வருவது கடைசியில். ‘செய்தோம்’ என்றீர்களா ‘செய்யவில்லை’ என்றீர்களா என்பதே கேட்காமல் போய்விடும். கடைசிச் சொல்லை முழுதாக உச்சரித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். அதைச் செய்தாலே போதும், எந்த ஊர் ராகமும் எந்த ஊருக்கும் புரியும்.

ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால், முதலில் முழு விஷயத்தையும் தமிழில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாத விஷயம் ஆங்கிலத்தில் தெளிவாகிவிடப்போவதில்லை. பிறகு குட்டி வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’, ‘வந்து’, ‘அதாவது’ இந்த நாலையும் எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று போனில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்டாலே குறையத் தொடங்கும்.

பயம்

1892 டிசம்பர் கடைசியில் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் அமர்ந்த விவேகானந்தர், அடுத்த செப்டம்பர் 11ஆம் தேதி சிகாகோ மேடையில் பேசினார். உலகம் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்த நவம்பரில் சென்னையிலிருந்த தம் சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில், நெஞ்சு படபடத்ததையும் நாக்கு வறண்டுபோனதையும் அவரே சொல்கிறார். காலை அமர்வில் எழுந்து பேசத் துணிவு வராமல் தள்ளிப்போட்டு, பிற்பகலில்தான் பேசினார். பேசியதும் ஐந்து நிமிடம்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு, தயாரிப்பே இல்லாமல் அருளால் வந்த பேச்சு என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1893 பிப்ரவரியில் செகந்திராபாத் மகபூப் கல்லூரியில் பெரிய அவை ஒன்றில் ஆங்கிலத்தில் பேசியிருந்தார். அமெரிக்கா போய்ச் சேர்ந்தபின், சிகாகோவுக்கு முன்னால், அன்னிஸ்குவாம், சேலம், சாரடோகா என்று சின்னச் சின்ன அவைகளில் பேசிப் பேசி அந்த ஊர்க்காரர்கள் எதற்குத் தலையாட்டுகிறார்கள், எதற்குப் புருவம் சுருக்குகிறார்கள் என்று பார்த்திருந்தார். பெரிய மேடைக்கு முன் சின்ன மேடைகள் இருந்தன. பயம் அப்போதும் போகவில்லை. பயத்தோடு பேசப் பழகியிருந்தார்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. அவையை அறிந்துகொண்டால் அச்சம் பின்னால் தணியும் என்று அந்த வரிசையை நான் எடுத்துக்கொள்கிறேன். பேசுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் வாசலில் நில்லுங்கள். வருபவர்களில் நாலைந்து பேரிடம் “எங்கேருந்து வாறீங்க? இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?” என்று கேளுங்கள். மேடை ஏறும்போது முன்னால் இருப்பது முகமில்லாக் கூட்டமாக இருக்காது. இடதுபக்கம் ஒருவர், வலதுபக்கம் ஒருவர், பின்னால் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவர். அவர்களைப் பார்த்துப் பேசினால் அவை முழுவதையும் பார்த்துப் பேசியதாக ஆகிவிடும்.

உடம்புக்கு: மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், நாலைந்து முறை. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரை ஒரு மடக்கு. முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும் முதல் அரை நிமிடத்தை அந்த வாக்கியங்கள் தாண்டவைத்துவிடும். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுவிடும். பள்ளிப் பேச்சுப்போட்டியில் நாம் எத்தனை பிள்ளைகள் அப்படிக் கண்கலங்கி இறங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தப் போட்டிகள் இன்னொரு பழக்கத்தையும் நமக்குள் விட்டுவிட்டன: தலைமை, முன்னிலை, வரவேற்புரை, ஆன்றோர், சான்றோர் என்று இரண்டு நிமிட விளிப்பு. அலுவலகத்தில் “எல்லாருக்கும் வணக்கம்” போதும். அவை உங்களைக் கூர்ந்து கவனிப்பது அந்த முதல் நிமிடத்தில்தான். அதைப் பெயர்ப்பட்டியலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கருவிகள், சுருக்கமாக

ஸ்லைடில் நீங்கள் வாசிக்கப்போகும் வாக்கியம் இருக்கக் கூடாது; படம், எண், நாலு சொல். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும், ஆகவே யூனிகோடில் அடித்து, பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வையுங்கள். கரண்ட் போனாலும் பேச முடிகிற அளவுக்கு ஒரு சின்ன அட்டையில் குறிப்பு. மைக்கை வாயில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் பிடித்து, தலையைத் திருப்பினால் மைக்கையும் திருப்புங்கள். தட்டிப் பார்க்காதீர்கள், சவுண்ட் சர்வீஸ் தம்பியிடம் முன்பே பேசி, பேசியே சோதித்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கூட்டம் என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை யாரையாவது பெயர்சொல்லிக் கேளுங்கள். அங்கே ‘ஆமா’ தானாக வராது.

கேட்பதைக் கேட்டுவிடு

நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஒரு நல்ல பேச்சுப் பள்ளி. கன்னிப்பூ சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணை திறந்தும் கடைவரம்புக்குத் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் அங்கே சூடு பறக்கும். இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒருவர் எழுந்து, விவசாயியின் கஷ்டம், அரசாங்கத்தின் அலட்சியம், முந்தைய தலைமுறையின் பெருமை என்று ஐந்து நிமிடம் உருகுவார். அவர் சொல்வதெல்லாம் உண்மை. கூட்டம் கைதட்டும். அதிகாரி “கவனிக்கிறோம்” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுவார்.

இன்னொருவர் சொல்வார்: இன்ன சானல், இன்ன மடைக்குக் கீழே, இத்தனை ஏக்கர். நாற்று விட்டு இத்தனை நாள். இந்தத் தேதிக்குள் தண்ணீர் வராவிட்டால் நாற்று முற்றிப்போகும். இன்ன பாலத்துக்குக் கீழே அடைப்பு, எடுக்க ஒரு ஜேசிபி இரண்டு நாள் வேண்டும். போட்டோ இதோ. எந்தத் தேதியில் வண்டி வரும்?

அந்தக் கேள்விக்குக் ‘கவனிக்கிறோம்’ பதிலாகாது. ஒரு தேதியாவது சொல்ல வேண்டியிருக்கும், அல்லது முடியாது என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பேச்சின் கடைசி வாக்கியமும் அப்படி இருக்கட்டும்: யார், எதை, எப்போதைக்குள். ‘நன்றி, வணக்கம்’ அதற்கு அப்புறம்.

கேள்வி நேரத்தில் தடுமாறுபவர்களுக்கு ஒரு வழி. கேள்வியை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்கச் சில விநாடி கிடைக்கும். தெரியாவிட்டால் “இப்ப கையில இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புறேன்” என்று சொல்லி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். விதண்டாவாதம் செய்பவரோடு மேடையில் மல்லுக்கு நிற்காதீர்கள். “அண்ணே, இது பெரிய விஷயம், முடிஞ்சதும் உங்ககிட்டயே வாறேன்” என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக அவரிடமே போங்கள்.

இனி பழகுவதற்கு. கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் இழுவைச் சொற்களை எண்ணுவார், ஒருவர் நிறைகுறை சொல்வார். அதற்குப் பெரிய மன்றம் வேண்டியதில்லை. நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் வீட்டு வராந்தாவாவது போதும். ஆளுக்கு ஏழு நிமிடம். ஒருவர் நின்று பேச, ஒருவர் போனில் நேரம் பார்க்க, ஒருவர் ‘வந்து’வையும் ‘அதாவது’வையும் எண்ண, நாலாமவர் ‘ஆமா’ போடட்டும், புரியாத இடத்தில் அவர் ‘ஆமா’ போடக் கூடாது, “அதெப்படி?” என்று மடக்க வேண்டும். வாரம் சுற்ற வேலையும் சுற்றட்டும். பேச எடுக்கும் விஷயம் அடுத்த வாரம் அலுவலகத்தில் நிஜமாகவே பேச வேண்டியதாக இருக்கட்டும்.